புனைமுடியின் ஆயுள்

முடி என்னும் சொல் தலைமயிரையும் குறிக்கும். அரசர் அணியும் மகுடத்தையும் குறிக்கும். ஒரே சொல் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்பதை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஆயினும் அச்சொல்லின் முழுப் பொருளை நான் உணர்ந்தது, சிங்கப்பூரில் வாழும் என் தங்கை நோயின் காரணமாகத் தன் முடியை இழந்தபோதுதான்.

அவளுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோதெரப்பி என்னும் மருந்துச் சிகிச்சை தொடங்கிய மூன்றாம் வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கழன்றது. நோயை அறிவித்த நாளில் அழாதவள் அன்றுதான் அழுதாள். வீட்டை விட்டு வெளிவர மறுத்தாள். நானும் அவள் கணவரும் கலந்து, ஓர் ஆசிரியனின் மாத ஊதியத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து, மனித முடியால் ஆன 'விக்' ஒன்றை வாங்கினோம். மறுநாளே அதை அணிந்துகொண்டு தேக்கா சந்தைக்குக் கீரை வாங்கப் போனாள். அந்தக் காட்சிக்கு எந்த விலையும் தகும் என்று எண்ணினேன்.

அந்த மகிழ்ச்சி மூன்று வாரம் நீடித்தது. அடுத்த முறை ஜொகூர்ப் பாலம் கடந்து அவள் வீட்டுக்குச் சென்றபோது, மேசைமீது தேங்காய் நார்ச் சுருள் போன்று ஒரு பொருள் கிடந்தது. "நம்ம முடிக்குச் செய்யறதுதாண்ணே செஞ்சேன்" என்றாள் தங்கை. உண்மைதான். தேங்காய் எண்ணெயை அடிவரை தேய்த்து ஊறவைத்திருக்கிறாள். சீயக்காய் இட்டுக் கசக்கி அலசியிருக்கிறாள். துண்டால் முறுக்கிப் பிழிந்து, அடுக்குமாடி வீட்டின் மூங்கில் கழியில் உச்சி வெயிலில் உலர்த்தியிருக்கிறாள். நம் பாட்டிமார் காலந்தொட்டுத் தலைக்குச் செய்துவரும் நல்லனவற்றையே அவள் செய்தாள். அவையே அம்முடிக்குக் கேடாய் முடிந்தன.

அது ஏன்? மனித முடியால் ஆன விக் எவ்வளவு காலம் உழைக்கும்? அதைப் பேணுவது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை தேடிக் கற்றதை ஆசிரிய நண்பர்களோடும் வாசகர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் யாது?

முதலில் பெயரைப் பார்ப்போம். கூத்து மேடையிலும் நாடக மேடையிலும் வழங்கிய சொல் டோப்பா. அச்சொல்லில் ஏளனம் கலந்துவிட்டது. பொய்முடி என்பதோ அணிந்தவரைப் பொய்யராக்குகிறது. செயற்கை முடி என்பதும் இங்குப் பொருந்தாது. முடி இயற்கையானது, அதைக் கோத்த தொப்பிதான் செயற்கை. இழை ஆலையில் செய்த நெகிழி முடிக்கே அப்பெயர் ஏற்கும்.

பெண்கள் பின்னலோடு சேர்த்து முடியும் சவரி நாம் நன்கறிந்தது. சவரி என்பது கவரி என்னும் விலங்கின் பெயரோடு தொடர்புடைய சொல். இமயப் பகுதியில் வாழும் அவ்விலங்கின் வால்மயிரே சாமரமாயிற்று. திருவள்ளுவர் 969ஆம் குறளில் கூறுவது இந்தக் கவரிமாவையே. அதைக் கவரிமான் எனத் திரித்து மான் இனத்தில் சேர்ப்பது பிழை என்பதை ஆசிரியர்கள் அறிவர். இன்றும் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் நாட்டிய அணிகள் விற்கும் கடைகளில் குஞ்சத்தோடும் சடைநாகத்தோடும் சவரி தொங்குவதைக் காணலாம். ஆனால், சவரி பின்னலுக்குத் துணை. தலை முழுவதையும் மூடுவதன்று. ஆகவே, தலையில் புனைந்துகொள்ளும் முழு முடியைப் புனைமுடி என்றே இக்கட்டுரையில் குறிப்பேன். புனைதல் என்பதற்கு அழகுறச் செய்தல், அணிதல் என்னும் இரு பொருளும் உண்டன்றோ!

முடியின் அமைப்பு

நம் தலையில் கண்ணுக்குத் தெரியும் முடி உயிரற்றது. உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கும் வேர் மட்டுமே. வேரில் பிறந்த உயிரணுக்கள் கெரட்டின் என்னும் புரதத்தால் நிரம்பி, இறுகி, இறந்து, இழையாக மேலே தள்ளப்படுகின்றன. மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் வளர்கிறது என்று கொண்டால், 40 செண்டிமீட்டர் நீளமுள்ள முடியின் நுனிக்கு வயது மூன்றாண்டுக்கு மேல் ஆகிறது.

உயிரற்ற ஒன்று மூன்றாண்டு மென்மையாகவும் பளபளப்பாகவும் இருப்பது எங்ஙனம்? இரண்டு காரணங்கள் உள்ளன. முடியின் மேற்புறத்தில் வீட்டுக் கூரையின் ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த நுண்ணிய செதில்கள் ஆறு முதல் பத்து அடுக்கு வரை உள்ளன. அவை உள்ளிருக்கும் நார்ப்பகுதியைக் காக்கின்றன. அடுத்து, வேரின் அருகிலுள்ள சுரப்பிகள் ஒருவகை நெய்ப்பை இடைவிடாது சுரந்து முடியின்மேல் பூசுகின்றன. எண்ணெய் வைக்காத தலையும் இரண்டு நாளில் பிசுபிசுப்பதற்கு இதுவே காரணம்.

வெட்டி எடுத்த முடிக்குச் செதில் உண்டு, சுரப்பி இல்லை. தேய்ந்த செதில் மீண்டும் வளராது. தலையில் உள்ள முடி கெட்டால் அடியிலிருந்து புதுமுடி வரும்; புனைமுடியிலோ கெட்டது கெட்டதுதான். தலை தானாகச் செய்துவந்த பணியை இனி நம் கை செய்ய வேண்டும். புனைமுடியைப் பேணும் முறைகள் அனைத்தும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

வகுப்பறையில் செய்து பார்க்கலாம்

செதில்களின் நுனி எப்போதும் முடியின் நுனியை நோக்கியே சாய்ந்திருக்கும். இதை மாணவர்களுக்குக் காட்ட எளிய வழி ஒன்றுண்டு. நீண்ட முடி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நீளவாக்கில் பிடித்து, விரல்களை மேலும் கீழுமாக மெல்லத் தேய்க்கச் சொல்லுங்கள். முடி தானாகவே ஒரு பக்கமாக நகரும். அது நகரும் திசையே வேர் இருந்த திசை. செதில்கள் ஒரு திசையில் வழுக்கி விடுகின்றன. மறு திசையில் பற்றிக்கொள்கின்றன.

இப்போது ஆயிரக்கணக்கான முடிகளை எண்ணுங்கள். வேர்கள் யாவும் ஒரே பக்கம் இருந்தால் அவை ஒன்றையொன்று வழுக்கிச் செல்லும். சில தலைகீழாகக் கலந்திருந்தால், ஒன்றின் செதில் மற்றொன்றின் செதிலில் இரம்பப் பற்களைப்போல மாட்டிக்கொள்ளும். நீரில் நனையும்போது முடி பருக்கிறது. செதில்கள் சற்றே எழும்புகின்றன. அந்நிலையில் கசக்கினால் சிக்கு இறுகிவிடும். ஆட்டு மயிரை நனைத்துக் கசக்கிக் கம்பளிப் பட்டை செய்யும் தொழிலும் இந்த இயல்பைப் பயன்படுத்துவதே. என் தங்கை அறியாமலே அத்தொழிலைச் செய்துவிட்டாள்!

முடியின் தரம்

கடைக்கு வரும் மனித முடியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து செல்வது. அதில் இருவகை உண்டு. திருமலை, பழனி போன்ற தலங்களில் அடியார் காணிக்கையாக மழித்துக் கொடுக்கும் முடி ஒருவகை. திருமலைத் தேவத்தானம் அம்முடியைத் தரம் பிரித்து ஏலத்தில் விற்கிறது. நீண்ட முடியை வேரும் நுனியும் மாறாமல் கட்டி எடுத்தால் செதில்கள் ஒரே திசையில் நிற்கும். இதனை வணிகர்கள் ரெமி முடி என்பர். மற்றொரு வகை, சீப்பில் வந்து சேரும் கழிமுடி. ஊர்ப்புறங்களில் தெருத்தெருவாக வந்து, சேர்த்து வைத்த முடிச்சுருளை வாங்கிக்கொண்டு பாத்திரமோ மிட்டாயோ கொடுப்பவர்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்முடியில் வேரும் நுனியும் கலந்தே கிடக்கும்.

கலந்த முடியை அமிலத்தில் இட்டுச் செதில்களைக் கரைத்துவிட்டு, சிலிக்கோன் பூச்சு ஏற்றி விற்பதுண்டு. புதிதாக இருக்கையில் அது பட்டுப்போல் மின்னும். சில கழுவலில் பூச்சு போனதும் வறண்டு சிக்காகும். எனவே, கையில் எடுத்தவுடன் தோன்றும் மினுமினுப்பை நம்பி வாங்குதல் கூடாது. வாங்குமுன் ஒரு கற்றையைப் பிடித்து, நுனியிலிருந்து மேல்நோக்கித் தடவிப் பாருங்கள். செதிலுள்ள முடி அத்திசையில் சற்றே சொரசொரக்கும். கீழ்நோக்கித் தடவினால் வழுக்கும். இரு திசையிலும் கண்ணாடிபோல் வழுக்கினால், 'இது ரெமி முடியா, பூச்சு ஏற்றியதா?' என்று கேட்டுத் தெளிதல் நன்று.

எத்தனை காலம் உழைக்கும்?

நெகிழி இழையால் ஆன முடி, நாள்தோறும் அணிந்தால், மூன்று முதல் ஆறு மாதம் வரை நல்ல நிலையில் இருக்கும். மனித முடியால் ஆனது நாள்தோறும் அணிந்தால் ஏறத்தாழ ஓராண்டு உழைக்கும். நல்ல முடியாக இருந்து நன்கு பேணினால் அதற்கு மேலும் வரும். எப்போதாவது அணிவது பல ஆண்டு நிற்கும். நாட்டிய ஆசிரியையர் வீடுகளில் தாயிடமிருந்து மகளுக்கு வந்த சவரிகளைக் காணலாம். அவை ஆண்டில் சில நாளே பெட்டியை விட்டு வெளிவருவன.

முடி என்னும் பொருள் எளிதில் மக்குவதன்று. 1906ஆம் ஆண்டில் எகிப்து நாட்டின் தெய்ர் எல் மதீனாவில் கா, மெரித் என்னும் கணவன் மனைவியரின் கல்லறையை இத்தாலியத் தொல்பொருளறிஞர் ஸ்கியாபரெல்லி கண்டார். அதனுள் மெரித் அணிந்த புனைமுடி அதற்கெனச் செய்த மரப்பெட்டியில் இருந்தது. ஏறத்தாழ 3400 ஆண்டுக்கு முற்பட்ட அம்முடி இன்று இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வறண்ட காற்று, இருள், கை படாமை ஆகிய மூன்றுமே அதைக் காத்தன. சிங்கப்பூரில் இவை மூன்றும் இல்லை. ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், வெயில் கடுமை, வியர்வை ஓய்வதில்லை. ஆகவே, குளிர்நாட்டில் எழுதப்பட்ட குறிப்புகளை இங்கு அப்படியே பின்பற்றினால் போதாது.

ஓராண்டு என்பது குறைவாகத் தோன்றலாம். ஆனால், கீமோதெரப்பியால் முடி இழந்தவருக்கு அது பெரும்பாலும் போதுமானது. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பூமுடி தோன்றும். சில மாதங்களில் தலையை மூடும் அளவு வளரும். அந்த இடைக்காலத்தைக் கடக்க உதவும் தோணியே புனைமுடி. கரை சேருமுன் தோணி உடையாமல் பார்த்துக்கொள்வதே பேணுதலின் பயன். முடி மீண்டும் வளராத நோயுடையவர்க்கோ அது வாழ்நாள் தேவை. அவர்க்கு ஒவ்வொரு மாத நீட்டிப்பும் பணச் சேமிப்பாகும்.

பேணும் முறை

முதலாவது, அடித்தொப்பியைக் காத்தல். நல்ல புனைமுடியில் ஒவ்வொரு முடியையும் கொக்கி ஊசியால் மெல்லிய வலைத்துணியில் முடிச்சிட்டிருப்பார்கள். அம்முடிச்சில் எண்ணெய் பட்டால் அது நெகிழும், முடி உதிரும். ஆகவே, எண்ணெயும் கண்டிஷனரும் அடியில் படவே கூடாது. காது மட்டத்துக்குக் கீழே, நுனிப் பகுதிக்கு மட்டும் கண்டிஷனர் இடலாம். தலைச் சுரப்பியின் நெய்ப்புக்கு ஈடாக நாம் கொடுப்பது அதுவே. சீயக்காய் நம் தலைக்கு நல்லதே. ஆனால் அதன் திப்பி முடிச்சுகளுக்கு இடையே தங்கிவிடும். கண்டிஷனரோடு ஒத்த மென்மையான ஷாம்பு போதும்.

இரண்டாவது, அளவறிந்து கழுவுதல். அடிக்கடி கழுவினால் செதில் தேயும். கழுவாமலே விட்டால் வியர்வையின் உப்பும் அழுக்கும் முடியை வறட்டி அடித்தொப்பியை அரிக்கும். எட்டு முதல் பத்து முறை அணிந்தபின் கழுவுவது பொதுவிதி. நம் வெப்பத்தில் நாள்தோறும் அணிவோர் வாரம் ஒருமுறை கழுவலாம். உள்ளே மெல்லிய பருத்திக் குல்லாய் அணிந்தால் வியர்வையை அது ஏற்கும்; மென்மையாகிவிட்ட தலைத்தோலும் உராய்வு இன்றி இருக்கும். குல்லாயை அன்றாடம் துவைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கழுவும் விதம். கழுவுமுன் அகன்ற பல் சீப்பால் சிக்கெடுக்க வேண்டும். நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே செல்க. மேலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் சிக்கு கீழே இறுகும். பிறகு, வேரிலிருந்து நுனி நோக்கி ஓடும்படி தண்ணீரைத் திறந்து நனைக்க. ஷாம்புவைக் குவளை நீரில் கரைத்து ஊற்றி, விரல்களால் கீழ்நோக்கி மட்டும் வருடுக. வாளியில் முக்கிப் புரட்டுதலும், இரு கையால் தேய்த்தலும், துணிபோல் கசக்குதலும் கூடா. நுரை முழுதும் போகும்வரை அலசுக.

நான்காவது, உலர்த்துதல். துண்டுக்குள் வைத்து அழுத்தி நீரை ஒற்றி எடுக்க வேண்டும், முறுக்கக் கூடாது. வெயில் சாயத்தை வெளிறச் செய்து புரதத்தையும் சிதைக்கும். எனவே நிழலில், மின்விசிறிக் காற்றில், காற்று உட்புகும் கம்பித் தாங்கியில் வைத்து உலர்த்துக. கனத்த தலைப் பொம்மையில் மாட்டினால் முடி காய்ந்தாலும் அடித்தொப்பி ஈரமாகவே இருக்கும். நம் காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், நாற்றமும் வரும். இரவு முழுதும் காய விட்டு, உள்ளே தொட்டுப் பார்த்து ஈரமில்லை என்று உறுதி செய்த பின்னரே அணிய வேண்டும். சூடேற்றி நெளிவு எடுக்கும் கருவியைத் தவிர்த்தல் நலம். கட்டாயமானால் மிகக் குறைந்த சூடு போதும்.

ஐந்தாவது, ஓய்வு. உறங்கும்போது கழற்றிவிடுக. தலையணை உராய்வு முடியைச் சேதப்படுத்தும். நீச்சல் குளத்து நீர் முடியை வறட்டும். அங்கு அணிதல் வேண்டா. வீட்டில் தலைத்துணி கட்டிக்கொண்டு, வெளியே செல்லும்போது மட்டும் புனைமுடி அணிந்தால், அதன் ஆயுள் கணிசமாக நீளும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

சிகிச்சை முடித்துப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளை, புனைமுடியோடோ குல்லாயோடோ வகுப்பில் உட்காரும். சீருடை விதியைச் சொல்லி அதைக் கழற்றச் சொல்லாதீர்கள். எல்லார் முன்னும் காரணம் கேட்காதீர்கள். உடற்பயிற்சி வேளையில் தலைத்துணிக்கு மாறிக்கொள்ள ஒரு தனி இடம் கொடுங்கள். விளையாட்டாக ஒரு மாணவன் அதை இழுத்தால், முடியைவிட அப்பிள்ளையின் மனமே முதலில் அறுபடும். அந்த நொடியில் ஆசிரியரின் முகத்தைத்தான் வகுப்பு பார்க்கும். நாம் பதறாமலும் சிரிக்காமலும் இயல்பாக நடந்துகொண்டால் வகுப்பும் அவ்வாறே நடக்கும்.

சிங்கப்பூரில் குழந்தைகள் புற்றுநோய் அறநிறுவனம் 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தலைமழிப்பு இயக்கம் இக்கருத்தை ஊரறியச் செய்தது. நோயுற்ற பிள்ளைகளோடு ஒன்றி நிற்கிறோம் என்பதற்கு அடையாளமாக, நலமாயிருப்போர் தம் முடியை மழித்துக்கொண்டனர். முடி போவது இழிவன்று என்பதைச் சொல்லால் அன்றிச் செயலால் காட்டும் பாடம் அது.

மயிர் நீங்கினால் உயிர் வாழாமை கவரிமாவின் இயல்பாக வள்ளுவர் எடுத்தாண்ட உவமை. மானத்தின் அருமையைச் சொல்ல வந்தது அது. முடி இழந்த மனிதருக்கு மானம் போயிற்று என்று சொல்ல வந்ததன்று. இதையும் அக்குறளைக் கற்பிக்கும்போது சேர்த்துச் சொல்லலாம். வகுப்பில் யார் அமர்ந்து கேட்கிறார் என்பது நமக்குத் தெரியாது.

என் தங்கைக்கு இரண்டாவது புனைமுடி ஒன்று வாங்கினோம். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை அவள் நீர் ஊற்ற, நான் தாங்கியைப் பிடிப்பேன். பதினான்கு மாதம் அது உழைத்தது. அதற்குள் அவள் தலையில் சுருட்டை முடி நான்கு விரல் வளர்ந்துவிட்டது. சென்ற முறை நான் போனபோது அதை இறுதியாக ஒருமுறை கழுவி, உலர்த்தி, சிக்கெடுத்து, பெட்டியில் வைத்திருந்தாள். அதே மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கியிருக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப் போகிறாளாம். கழுவும் முறையை ஒரு தாளில் எழுதித் தரும்படி என்னைக் கேட்டாள். முதல் வரியாக, 'அடியில் எண்ணெய் படக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தேன்.